தொட்டில் மோட்டாரும் குழந்தை இயேசுவின் வலது கையும்

பூசைக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அபிகெயிலின் இடது உள்ளங்கைக்குள் குழந்தை இயேசுவின் வலது கை இருந்தது. கை மட்டும். மிச்சப் பாகம் எல்லாம் வெளியே ஒரு மேசை மேல், ரோலண்ட் சாரின் கைக்குட்டையில் படுத்திருந்தது.

அவள் குந்தியிருந்த இடம் ஒன்றரை அடி அகலம். ஒரு பக்கம் தேவாலயச் சுவர். மறு பக்கம் பெத்லகேம் வானமாகத் தொங்கவிட்ட கறுப்புத் துணி. அந்த இடுக்கில் தலையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, இரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும் என்றுதான் நினைத்தாள். பதினாறு வயதில் ஒரு மனுஷி போடக்கூடிய திட்டம் அவ்வளவுதான்: ஒளிந்துகொள், உலகம் மறந்துவிடும்.

உலகம் மறக்கவில்லை. துணிக்கு அந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தது.

"எத்தன தடவ சொன்னேன் கனகா? எத்தன தடவ? வயர் சமாச்சாரத்துல அவசரப்படாதன்னு சொன்னேனா இல்லையா?"

அது ரோலண்ட் சார். ஓய்வு பெற்ற வாத்தியார், இந்தச் சிற்றாலயத்தின் செயற்குழுத் தலைவர். சாஆ என்ற இந்தச் சிற்றூர் வட்டாரத்தில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் குரல் உயர்ந்தால் மற்ற பாதிப் பேரும் எழுந்து நிற்பார்கள்.

"வயரிங் ஓகே சார். வேணும்னா நீங்களே வந்து பாருங்க." இது கனகராஜ் அங்கிள், எலக்ட்ரிஷியன்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னயும் இதத்தான் சொன்ன. ஃபாதர் பத்து நிமிசம் இருட்டுல நின்னாரு. கிறிஸ்மஸ் அன்னிக்கு! இப்ப பாரு, கொழந்த ஏசுவையே தூக்கி எறிஞ்சிருக்கு உன் மோட்டாரு."

"மோட்டார் எறியாது சார்."

"அப்ப யாரு எறிஞ்சா? நானா?"

அபிகெயில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். யார் என்பது அவளுக்குத் தெரியும். வயரிங்கில் ஒரு கோளாறும் இல்லை. இருந்தது ஒரே ஒரு பிளக், ஒரே ஒரு குமிழ். அந்தக் குமிழைத் திருப்பியது அவள். இது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவளுக்கு, குமிழுக்கு, அப்புறம் மறைக்கல்வி வகுப்பில் சொல்லித்தந்தது உண்மை என்றால், இப்போது அவள் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளோ அவருக்கு. அவர் வாய் திறக்கப்போவதில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்.

இவ்வளவும் ஒரு வீடியோவில் ஆரம்பித்தது. ஜூன் மாதம் போனை உருட்டிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் பழைய கம்பி, கரண்டி, சைக்கிள் சக்கரம் எல்லாவற்றையும் கோர்த்துத் தொங்கவிட்டிருந்தார். விசிறிக் காற்று பட்டதும் அத்தனையும் உயிர் வந்த மாதிரி ஆடின. அதற்குப் பெயர் அசையும் சிற்பம் என்றார்கள். அபிகெயில் அன்று அந்த மாதிரி பதினான்கு வீடியோ பார்த்தாள். பதினைந்தாவது பார்ப்பதற்குள் தானும் ஒரு சிற்பி என்று முடிவாகிவிட்டது. முடிவெடுக்க அவளுக்கு எப்போதும் ஆதாரம் தேவைப்பட்டதில்லை.

இந்த வருடம் கிறிஸ்மஸ் குடில் கட்டும் முறை இளையோர் குழுவுக்கு. வீட்டில் கிடக்கும் பழைய சாமான்களில்தான் செய்ய வேண்டும் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் பாட்டில் என்று பேசிக்கொண்டிருக்க, இவள் எழுந்து, "குடில் அசையணும்" என்றாள். அசைந்தது. இன்று கொஞ்சம் அதிகமாகவே.

மூன்று ராஜாக்களும் மூன்று தெர்மாஸ் பிளாஸ்க். ஆடுகள், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். நட்சத்திரம், குழி ஓட்டையாகிப்போன இட்லித் தட்டு. தேவதூதரான சம்மனசின் இறக்கைக்குச் சோற்றை ஈ மொய்க்காமல் மூடிவைக்கும் துடுங் சாஜியை இரண்டாக வெட்டினாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் வீட்டில் இன்னும் கிடந்த, பால் பிடிக்கும் பீங்கான் மங்குகளை வாங்கிவந்து மணியாகக் கட்டினாள். அவளுடைய அம்மா டோரிஸ் மூன்றாவது நாளே கத்த ஆரம்பித்துவிட்டாள்.

"என் கொழம்புக் கரண்டி எங்கடி?"

"அது மேய்ப்பர்மா."

"மேய்ப்பர வச்சு இன்னிக்கு எப்படிச் சாம்பார் ஊத்துறது?"

"கப்புல மொண்டு ஊத்துங்களேன்."

"உன்ன மொண்டு ஊத்துறேன் இரு."

இத்தனையும் ஒரு நீளமான பைப்பில், மீன்பிடி நரம்பில் தொங்கின. எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் இதயம் நடுவில்: தொட்டில் மோட்டார். பக்கத்து வீட்டு யோகேஸ்வரி ஆண்ட்டி தன் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கியது. மகன் இப்போது கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். மோட்டார் மட்டும் புதுசு மாதிரி பெட்டிக்குள் இருந்தது. மேலே மோட்டார், கீழே ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் கொக்கியில் துணித் தொட்டில்; பிளக்கைச் செருகினால் பிள்ளை தூங்கும்வரை மேலும் கீழும் தானாக ஆட்டும். பிள்ளையின் கனத்துக்குத் தகுந்தபடி ஒன்றிலிருந்து ஒன்பது வரை திருப்பிவைக்க ஒரு குமிழ். அந்தக் கொக்கியில் அபிகெயில் ஒரு ரொட்டான் பிரம்புக் கூடையைத் தீவனத்தொட்டியாகக் கட்டினாள். கூடை எழும்பினால் நரம்புகள் இழுபட்டு ராஜாக்கள் குனிவார்கள், ஆடுகள் துள்ளும், நட்சத்திரம் சுற்றும், மங்குகள் கிணுகிணுக்கும்.

சொல்ல எளிது. எடை சரி பார்க்கப் பதினோரு நாள் ஆனது. ஓர் ஆட்டை நகர்த்தினால் சம்மனசு சரிந்தது. சம்மனசை நிமிர்த்தினால் கரண்டி மேய்ப்பர் சூசையப்பரை இடித்தார். மூன்றாவது ராஜா மட்டும் என்ன செய்தாலும் கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். திட்டிப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். ஒரு தெர்மாஸிடம் கெஞ்சுகிறோம் என்று கூச்சம்கூட வரவில்லை. கடைசியில், தோற்றுப்போனதைத் தத்துவமாக்கி, ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள்: 'பொருள்களுக்கும் மனம் உண்டு. இதை நான் செய்யவில்லை. அவை அசைவதற்கு இடம் மட்டும் விட்டேன்.'

டோரிஸ் அதைப் படித்துவிட்டு, "நீ செய்யலன்னா பதினோரு நாளா என் ஹால்ல குப்ப போட்டது யாருடி?" என்றாள்.

அந்தப் பதினோரு நாளும் கூடை காலியாக இருந்தது. அதுதான் விஷயம். குடில் எத்தனை நாள் முன்னால் கட்டினாலும் குழந்தை இயேசு வரக்கூடாது. இருபத்து நான்காம் தேதி பூசை தொடங்கும்போது ஃபாதர் பவனியாக ஏந்திவந்து வைப்பார். அதுவரைக்கும் சுரூபம் பின்னறை அலமாரியில், வெள்ளைத் துணிக்குள். பிறக்காத பிள்ளையை வெளியே எடுக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே அபிகெயில் காலிக் கூடைக்கு அளவாக, அங்குலம் அங்குலமாக, ஒரு முழுப் பெத்லகேமை நிறுத்திவைத்தாள். குமிழ் இரண்டில் நின்றது. கூடை ஓர் இறகு மாதிரி ஆடியது.

அலமாரிக்குள் இருந்தவர் இரண்டு கிலோ. அவரும் வருவார், கூடையில்தான் படுப்பார், விழாவே அதுதான் என்பது குடில் கட்டிய கலைஞருக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

எல்லாம் இருந்தும் கனகராஜ் அங்கிள் இல்லாமல் இது நடந்திருக்காது. அவர் இந்து. மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு லைட் போடுகிறவர். மனைவி ராஜம்மா ஆண்ட்டி இங்கே பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை. பல வருடமாகக் கிறிஸ்மஸ் லைட்டும் அவர்தான் கட்டினார், இரண்டு வருடத்துக்கு முன்னால் பூசை நடுவில் எல்லாம் அணைந்துபோகும்வரை. மழையில் தெருக் கம்பத்தில் கோளாறு என்று அவர் சொன்னார். யாரும் போய்ப் பார்க்கவில்லை. போன வருடம் சிகாமட்டிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். அன்று ராஜம்மா ஆண்ட்டியை இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை அங்கிள் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

இந்த வருடம் சிகாமட் ஆளிடம், "அண்ணே, தொட்டில் மோட்டார்ல ஆடு மாட்டணும்" என்று அபிகெயில் போனில் சொன்னபோது அவர் வைத்துவிட்டார். பிறகு அவள் கனகராஜ் அங்கிள் வீட்டு வாசலில் போய் நின்றாள். "எனக்காக வாங்க அங்கிள். நான் ரோலண்ட் சார்கிட்ட பேசுறேன்." பேசினாள். மூன்று தடவை. அங்கிள் இன்று புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்.

மாலை ஆறே காலுக்கு ரோலண்ட் சார் கடிகாரத்தைப் பார்த்தார். "ஃபாதர் வைக்கிறப்ப ஒண்ணும் ஆகக்கூடாது. ஒரு தடவ நாமளே வச்சுப் பாத்துருவோம்." பின்னறைக்குப் போய்ச் சுரூபத்தை எடுத்துவந்தார். பாடகர் குழு பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அங்கிள் ஏணியில் நின்று நட்சத்திரத்தின் பல்பை மாற்றிக்கொண்டிருந்தார். அபிகெயில் துணிக்குப் பின்னால், குமிழுக்குப் பக்கத்தில். துணிக்கு மேல் தலை மட்டும் தெரிந்தது.

சார் குழந்தையைக் கூடையில் வைத்தார். கூடை இறங்கியது. இறங்கி, வைக்கோலில் உட்கார்ந்தது. அதோடு சேர்ந்து எல்லாம் கோணலாகின. சம்மனசு தலைகீழ். ராஜாக்கள் மூவரும் கூரையைப் பார்த்தார்கள். மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியது, ஒன்றும் அசையவில்லை.

யாரோ சிரித்தார்கள். பீடப் பணிக்கு வெள்ளை அங்கி போட்டு நின்ற அவளுடைய மாமா மகன் எல்வின் எம்பிப் பார்த்தான். "அபி, உன் சிற்பம் தூங்கிருச்சு லா."

"இருங்க, இருங்க. ஒரு நிமிசம்."

மூன்று. நான்கு. ஒன்றும் இல்லை.

"மெதுவா மா," அங்கிள் ஏணியிலிருந்து சொன்னார். "ஸ்பிரிங்குக்கு நேரம் குடு."

அது அவளுக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் பாடகர் குழுவில் சிரிப்பும் கேட்டது. ஐந்து, ஆறு, அப்புறம் எண்ணவில்லை. குமிழ் அதற்கு மேல் திரும்பவில்லை, அவ்வளவுதான் தெரியும்.

மூன்று வினாடி சும்மா இருந்தது. பிறகு கூடை மெல்ல எழும்பியது. இறங்கியது. இன்னும் கொஞ்சம் உயரமாக எழும்பியது. ஊஞ்சலை யாரோ ஒவ்வொரு தடவையும் சரியான நேரத்தில் தள்ளிவிடுகிற மாதிரி, உயரம் கூடிக்கொண்டே போனது. ராஜாக்கள் குனிந்தார்கள். ஆடுகள் துள்ளின. மங்குகள் எல்லாம் ஒரே சத்தமாக அடித்துக்கொண்டன. பதினோரு நாள் முதுகைக் காட்டிய மூன்றாவது ராஜா முதல் தடவையாகச் சுற்றி, கூடையைப் பார்த்து நின்றார்.

அப்படி ஓர் அழகை அவள் அந்த வீடியோக்களில்கூடப் பார்த்ததில்லை. கை குமிழில்தான் இருந்தது. குறைத்திருக்கலாம். குறைக்கவில்லை.

குழந்தை இயேசு எந்த நற்செய்தியிலும் எழுதாத வேகத்தில் கூடையை விட்டு எழுந்தார். கழுதைக்கு மேலாகப் போய், ஒரு தெர்மாஸில் இடித்து, பாடகர் குழுவின் காலடியில் விழுந்தார். கை தனியாக உருண்டு, துணிக்கு அடியில் புகுந்து, சிற்பியின் செருப்பில் முட்டி நின்றது. கனம் போன கூடை வெறி பிடித்த மாதிரி குதித்தது. ஓர் ஆடு பறந்து ஆர்கன் மேல் விழுந்தது.

பாடகர் குழு காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. எல்வின் மட்டும் தணிந்த குரலில், "அல்லேலூயா" என்றான்.

அங்கிள் இறங்கி ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். ரோலண்ட் சார் சுரூபத்தை இரண்டு கையிலும் ஏந்தி நின்றார். "யாரு? யாரு செஞ்சா இத?"

அபிகெயில் துணிக்கு மேலே தலையை நீட்டியபடி சொன்னாள், "அதுவா போச்சு சார்."

உடனே சார் கனகராஜ் அங்கிள் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான் நடந்தது.

அதன் பிறகுதான் அவள் அந்தக் கையைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கிள் மோட்டாரைப் பார்க்க இடுக்குக்குள் கையை நீட்டியபோது அவர் விரல் குமிழில் பட்டது. ஒன்பதில் நின்ற குமிழ். விரல் ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு அதை ஒன்றுக்குத் திருப்பிவிட்டு வெளியே போய், "வயரிங் ஓகே சார்" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆக, இரகசியம் தெரிந்தவர்கள் நான்கு பேர்.

துணி விலகி எல்வினின் முகம் உள்ளே வந்தது.

"சாமியோட கை உன்கிட்டயா? வெளிய எல்லாரும் பெஞ்சுக்கு அடியில தேடுறாங்க. உங்கம்மா ஆர்கனுக்குள்ள கையவிட்டுப் பாக்குறாங்க."

"எல்வின், நான் செத்தேன்."

"இன்னும் இல்ல. இந்தா, சூப்பர் குளூ. ஃபாதரோட செருப்புக்கு வாங்குனது. கைய ஒட்டிட்டா சார் கூலாயிருவாரு. அங்கிளும் தப்பிச்சிருவாரு."

அந்த யோசனையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அபிகெயிலுக்கு அது தெரிந்தது. தெரிந்ததால்தான் அவ்வளவு வேகமாகக் குழாயைப் பிடுங்கினாள். கை ஒட்டிவிட்டால் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. உடைந்த மணிக்கட்டில் பசையைப் பிதுக்கினாள். குழாயை இன்னும் அமுக்கினாள். பசை தாராளமாகவே வந்தது.

"எல்வின்."

"ம்?"

"ஒட்டிக்கிச்சு."

"குட்."

"என் மேல."

அவன் குனிந்து பார்த்தான். அவளுடைய இடது கட்டைவிரல் நுனியில் குழந்தை இயேசுவின் கை நெட்டுக்குத்தாக நின்றது. இரண்டு விரல் நீட்டி ஆசீர்வதித்துக்கொண்டிருந்தது. எல்வின் இழுத்தான். தோல்தான் வந்துவிடும் போலிருந்தது.

"அலமாக்," என்றான். சிரிப்பை அடக்க அங்கியின் கையைக் கடித்துக்கொண்டான். "ஆளுக்கு ரெண்டு கைதான் குடுப்பாரு. உனக்கு மூணு."

அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம் கேட்டது. டப். டப். கருவிப் பெட்டியின் இரண்டு கொக்கிகளும் மூடும் சத்தம்.

"ராஜம்மா, நீ பூசை முடிச்சிட்டு வா. நான் வேன்ல இருக்கேன்."

ராஜம்மா ஆண்ட்டி ஏதோ சொன்னார்கள். பாட்டுப் புத்தகத்தைப் புரட்டும் சத்தத்தில் கேட்கவில்லை. ரோலண்ட் சார் 'இரு' என்று சொல்வார் என்று அபிகெயில் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. ஏணியை மடிக்கும் சத்தம். தரையில் செருப்புச் சத்தம். பக்கவாசல் கதவு. வெளியே மழை.

அவள் கெட்டவள் இல்லை என்பது அவளுடைய நீண்ட கால அபிப்பிராயம். பேருந்தில் வயதானவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பவள். தவக்காலத்தில் மைலோ குடிக்காதவள். அந்த அபிப்பிராயத்தை வைத்துக்கொண்டு இன்னும் முப்பது வினாடி உட்கார்ந்திருந்தாள். வேன் கதவு திறக்கும் சத்தம் வந்தது. அது மூடும் சத்தம் வருவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்று ஏனோ தோன்றியது. கால் மரத்திருந்தது. எழுந்தாள். தலைமுடி மீன் நரம்பில் மாட்டியது.

பெத்லகேம் முழுவதையும் இழுத்துக்கொண்டுதான் வெளியே வந்தாள். ராஜாக்கள் குனிந்தார்கள். சம்மனசு ஆடியது. எல்லாரும் திரும்பினார்கள். என்ன செய்வது என்று தெரியாமல், பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல் கையைத் தூக்கினாள். இடது கை. அதன் மேல் இன்னொரு கை.

டோரிஸ், "ஐயோ மாதாவே" என்றாள்.

"சார்," என்றாள் அபிகெயில். குரல் ஆறு வயதுக்கு இறங்கிவிட்டது. "நான்தான். குமிழ ஒம்பதுல வச்சது நான். அங்கிள் மெதுவான்னு சொன்னாரு. எனக்குக் கேட்டுச்சு."

 அவள் ஓர் இடி விழும் என்று காத்திருந்தாள். விழுந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. சார் அவளைப் பார்த்தார். கட்டைவிரலைப் பார்த்தார். மூக்கு லேசாகத் துடித்தது. அது சிரிப்பு என்பது புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"சரி, சரி. சின்னப் புள்ள. தெரியாம செஞ்சிட்ட. மொதல்ல அந்தக் கைய எப்படிக் கழட்டுறதுன்னு பாரு."

அவ்வளவுதான். கனகராஜ் அங்கிளுக்குக் கால் மணி நேரம் திட்டு விழுந்தது, அவளுக்கு ஒரு வரியில் முடிந்தது. நிம்மதி வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது.

"சார், அங்கிள்..."

"தெரியுது, தெரியுது." சார் கைக்குட்டையைத் தேடினார், அதில் இயேசு படுத்திருந்தார். வெறும் தலையோடு மழையில் இறங்கிப் போனார். பக்கவாசல் வழியாக அவர் குரல் கேட்டது. "வா கனகா. சின்னப் பொண்ணு வேல. மனசுல வச்சுக்காத."

"நான் எங்க சார் வச்சுக்கிறேன்," என்றார் அங்கிள்.

திரும்பி வந்தவருடைய புதுச் சட்டை தோளில் நனைந்திருந்தது. நேராகக் குடிலுக்குப் போனார். கூடையைக் கொக்கியிலிருந்து கழற்றி வைக்கோலில் அசையாமல் உட்காரவைத்தார். ஸ்பிரிங்கைக் கறுப்புத் துணிக்குப் பின்னால் தள்ளி, கூடையின் கனத்துக்குச் சரியான காலிப் பெயிண்ட் டின் ஒன்றை அதில் மாட்டி, நரம்புகளை அதற்கு மாற்றினார். குமிழை இரண்டில் வைத்தார். ராஜாக்கள் குனிந்தார்கள், ஆடுகள் துள்ளின, படுக்கப்போகிறவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பதினோரு நாள் வேலையை நான்கு நிமிடத்தில் முடித்தார். அபிகெயில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு பாடகர் குழுவைப் பார்த்து, "யார்கிட்டயாச்சும் நகப் பாலிஷ் அழிக்கிற தண்ணி இருக்கா?" என்றார். ஏழு பேர் கைப்பையைத் திறந்தார்கள். ராஜம்மா ஆண்ட்டியின் பாட்டில்தான் முதலில் வந்தது.

பின்னறையில், ஒரு பெஞ்சில் அவளை உட்காரவைத்தார். பூசைக்குப் பன்னிரண்டு நிமிடம். பஞ்சை நனைத்து, அவள் கட்டைவிரலுக்கும் அந்தச் சின்ன மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்து மெல்லத் தேய்த்தார். வயர் தோலை உரிக்கிற பொறுமை. வெளியே பாட்டு ஆரம்பித்திருந்தது.

"வலிக்குதா மா?"

"இல்ல அங்கிள்."

"பொய் சொல்லாத. எரியும்."

"எரியுது."

"ம். கொஞ்ச நேரம்தான்."

"சாரி அங்கிள்."

அவர் பஞ்சை மாற்றினார். "நீ வந்து சொன்னியே, அது போதும். முப்பது வருசத்துல என்கிட்ட வந்து, அது நான்தான்னு சொன்ன மொத ஆளு நீதான்." கை ஓர் ஓரத்தில் விட ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தார். அவள் அழக்கூடாது என்று மேசை மேல் இருந்த மெழுகுவர்த்திகளை எண்ணினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க அங்கிள்."

"சார் யாருன்னு கேட்டாரே, நீ அதுவா போச்சுன்ன. பரவால்ல. பயத்துல யாருக்கும் வர்றதுதான். ஆனா அதுக்கு முன்ன, வாய தொறக்குறதுக்கு முன்ன, நீ என்னப் பாத்த. சார் தானா என் பக்கம் திரும்பல மா. உன் கண்ணு போன பக்கம் திரும்பினாரு."

அவளுக்கு அது ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவருடைய முகம் ஞாபகம் வந்தது. பிளக்கைக் கையில் பிடித்தபடி, நேராக அவளையே பார்த்து நின்ற முகம். அவள் பார்த்திருக்காவிட்டால் அந்த முகம் எப்படித் தெரிந்திருக்கும்?

கை கழன்று வந்தது. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் இருந்த பசையைச் சுரண்டினார். குரலில் கோபம் இல்லை. எந்த ஃபியூஸ் போனது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிதான் கேட்டார்.

"அந்தக் கண்ணு அதுவா திரும்புச்சா மா, நீ திருப்புனியா?"